முரானோ கோல், ஜப்பானிய வடிவம்: முரினே குடுவை செய்யும் முறை

யோயிச்சி ஒஹிரா 1973இல் ஜப்பானிலிருந்து வெனிஸுக்குப் போனவர். அவர் வடிவமைக்க, வெனிஸை அடுத்த கண்ணாடித் தீவான முரானோவில் லிவியோ செரேனா ஊத, ஜாக்கோமோ பார்பினி சாணை பிடிக்க உருவான குடுவைகளே இந்த வேலைக்கு வழிகாட்டி. முரினே என்பவை நிறக் கண்ணாடிக் கோல்களை வெட்டிய துண்டுகள்; அவற்றை அடுக்கி ஒட்டிக் கோலமாக்கி ஊதுவதே முறை. கீழே உள்ள அளவுகள் 15 செ.மீ. உயரக் குடுவைக்கானவை. ஊதிப் பழகிய ஒருவரும் ஓர் உதவியாளரும் வேண்டும்.

முதலில் பொருத்தம். கோல்கள் எல்லாம் விரிவெண் (சூட்டில் கண்ணாடி விரியும் அளவைக் காட்டும் எண்) 104 கொண்ட முரானோ கண்ணாடியாக இருக்கட்டும். ஊதுகுழலில் எடுக்கும் நிறமற்ற கண்ணாடியும் அதேதான். பல பட்டறை உலைகளில் 96 வகை இருக்கும். அதை எடுத்தால் கழுத்தருகே விரிசல் விழும். சந்தேகம் வந்தால் இரு கோல்களைப் பக்கவாட்டில் ஒட்டி, சுமார் 1 மி.மீ. இழையாக இழுத்துப் பாருங்கள். ஆறிய இழை நேராகக் கிடந்தால் சரி. வில்லாக வளைந்தால் அந்த ஜோடியைக் கைவிடுங்கள்.

கோல்களை 8 மி.மீ. துண்டுகளாக வெட்டி, பிரிபூச்சு (கண்ணாடி ஒட்டாமல் தடுக்கும் பூச்சு) பூசிய பீங்கான் தட்டில் நிமிர்த்தி அடுக்குங்கள். அடுக்கின் நீளம் 19 செ.மீ., அகலம் 10. இந்த 19 விருப்பப்படி வைத்ததல்ல. குழல் முனையில் நிறமற்ற கண்ணாடியால் செய்யப்போகும் 6 செ.மீ. விட்டமுள்ள வளையத்தின் சுற்றளவு. குறைந்தால் இடைவெளி, கூடினால் தடித்த மூட்டு. தோள்பட்டை 10 செ.மீ. விட்டத்துக்கு விரியும்போது 6 மி.மீ. புள்ளி 10 மி.மீ. ஆகிவிடும், அங்கே மெல்லிய கோல்களையே வையுங்கள். ஒளிபுகாத நிறங்களுக்கு நடுவே சில தெளிந்த துண்டுகள் போதும். அவை குறைவாக இருந்தால்தான் உள்ளிருந்து வரும் வெளிச்சம் கண்ணில் படும். இடுக்குகளில் கண்ணாடிப் பொடி தூவும்போது முகக்கவசம் கட்டாயம்.

சூளையை நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் 500க்கு ஏற்றி 20 நிமிடம் நிறுத்துங்கள். பிறகு 750 அளவில் துண்டுகள் ஒட்டும்வரை பாருங்கள். ஓரங்களை இரும்புப் பட்டையால் நெருக்கி நேராக்குங்கள். இடைவெளி விட்டால் ஊதும்போது அங்கேதான் ஓட்டை விழும்.

குழல் முனையில் செய்த சூடான வளையத்தை, ஒட்டிய கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் வைத்து, தகடு அதைச் சுற்றிக்கொள்ளும்படி ஒரே சீராக உருட்டுங்கள். நின்று நின்று உருட்டினால் கோலம் முறுக்கிக்கொள்ளும். இரு ஓரங்களும் சேரும் இடத்தை இடுக்கியால் அழுத்தி மூடி, சூடேற்றி, அடியைக் குவித்து ஒட்டுங்கள். ஊதுவது மெதுவாக: இளகும் நிறம் முதலில் உப்பி மெலியும், இறுகிய நிறம் மேடாக நிற்கும். சூட்டைச் சமமாக்கிய பிறகே அடுத்த மூச்சு.

வடிவம் எளிதாக இருக்கட்டும். ஒடுங்கிய அடி, அகன்ற தோள், சிறிய வாய். கோலமே பேசும் குடுவைக்குக் கைப்பிடியும் வளைவுகளும் பாரம்.

முடிந்த குடுவையைச் சூளையில் 520 டிகிரியில் 2 மணி நேரம் வைத்து, 400 வரை மணிக்கு 30 டிகிரி வீதம் இறக்குங்கள்.

கடைசியில் பத்தூதோ எனும் மேற்பரப்புச் சாணை வேலை. இத்தாலியத்தில் 'அடிக்கப்பட்டது' என்று பொருள். ஜப்பானிய உலோகக் கலைஞரின் சுத்தியல் தடம், ட்சுச்சிமே, போலவே தோன்றும். தண்ணீர் சொட்டும் சாணைச் சக்கரத்தில் அரை மி.மீ.க்கு மேல் ஆழம் போகாமல் நெருக்கமாகத் தொட்டுத் தொட்டு எடுங்கள். அழுத்தினால் மெலிந்த தோள்பட்டை உடையும். தண்ணீர் நின்றால் குடுவை சூடேறி விரிசல் விடும்.