ஃபெடரல் பணத்தை நம்பிச் சாலை போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க மாநிலங்களின் நெடுஞ்சாலைத் துறைகளுக்கு ஃபெடரல் அரசு, அதாவது மத்திய அரசு, தரும் உதவி, ஆண்டுத் தொடக்கத்திலேயே மாநிலக் கருவூலத்துக்கு வந்துவிடுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். முதல் தவறே இதுதான். 1956-இல் ஏற்படுத்தப்பட்ட நெடுஞ்சாலை அறக்கட்டளை நிதியின் பேரில் ஆண்டுதோறும் மாநிலங்களுக்குப் பிரித்துத் தரப்படுவது ரொக்கம் அன்று. இன்ன தொகை வரை பணிகளை ஏற்றுக்கொள்ளலாம் என்ற உரிமை மட்டுமே. ஒப்பந்ததாரர் பத்து லட்சம் டாலருக்குப் பில் வைத்தால், பொதுவாக மாநிலம் முழுத் தொகையையும் தன் கையிலிருந்து கொடுத்துவிட்டுத்தான் ஃபெடரல் பங்கைக் கேட்டுப் பெறுகிறது. அந்தப் பங்கு வழக்கமாக 80 விழுக்காடு, நாடு தழுவிய இன்டர்ஸ்டேட் விரைவுச்சாலைகளுக்கு 90. எட்டு லட்சம் திரும்பி வரும் வரை தாக்குப்பிடிக்கும் கையிருப்பும், திரும்பி வரவே வராத இரண்டு லட்சமும் பட்ஜெட்டில் முன்பே இருந்தாக வேண்டும்.

இவை எல்லாவற்றையும் விட என்னைக் கவலைப்பட வைப்பது தேதித் தவறு. பணிக்கான ஃபெடரல் அனுமதி மார்ச் 20-இல் கிடைத்து, வடிவமைப்புப் பொறியாளர்கள் மார்ச் 10-ஆம் தேதியே வேலையைத் தொடங்கியிருந்தால், அந்தப் பத்து நாள் செலவு, எவ்வளவு நியாயமான வேலையாக இருந்தாலும், பொதுவாக மாநிலத்தின் தலையில்தான் விழும். வடிவமைப்பு, நிலம் கையகப்படுத்துதல், கட்டுமானம் ஆகிய ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியே அனுமதி வேண்டும் என்பதால், ஒன்றுக்குக் கிடைத்ததை அடுத்ததற்கும் சேர்த்துக் கிடைத்ததாகக் கொள்ளக் கூடாது.

ஃபெடரல் ஒதுக்கீடு போதாதபோது, ஒப்புதலை முதலில் பெற்றுக்கொண்டு மாநிலப் பணத்திலேயே பணியைத் தொடங்கி, ஒதுக்கீடு கிடைத்த பின் அதைப் படிப்படியாக ஃபெடரல் கணக்குக்கு மாற்றிக்கொள்ளும் முன்கூட்டிய கட்டுமான முறை இருக்கிறது. பயனுள்ள ஏற்பாடுதான், ஆனால் அந்த ஒப்புதல் பணம் தருவதாகச் சொல்லும் வாக்குறுதி ஆகாது. வரும் ஆண்டுகளின் ஒதுக்கீட்டை ஒன்றன் மேல் ஒன்றாக இப்படி அடகு வைத்துவிட்டால், புதிய பணிகளுக்குக் கையில் ஏதும் மிஞ்சாது.

பில்லைச் சேர்த்து வைத்து மொத்தமாக அனுப்பும் பழக்கமும் ஆபத்தானது. பன்னிரண்டு மாதம் செலவே காட்டாத திட்டம் செயலற்றதாகக் கணக்கிடப்பட்டு மறுபரிசீலனைக்கு வரும். தேவையை நிரூபிக்க முடியாத தொகை அந்தத் திட்டத்திலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளப்படும். இறுதிப் பில் தீர்ந்த பின்னும் ஆவணங்களை மூன்றாண்டு பாதுகாக்க வேண்டும். தணிக்கையின்போது வேலை நேரத்தைப் பதிந்த ஒரு நேரத்தாள் காணாமல் போனாலும், கைக்கு வந்த பணத்தைத் திருப்பிக் கட்ட நேரிடலாம்.