பற்றீரியாவுக்கு நஞ்சைப் பழக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கிளிநொச்சியில் என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு மாணவி, பற்றீரியாவுக்கு நஞ்சான பியூட்டனோல் என்ற கரைப்பானை ஊற்றிய குடுவையைப் பஞ்சால் அடைத்துக் குலுக்கியில் வைத்தார். ஆறு வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான் வைத்தேன். கையுறை, கிருமிநீக்கம் எல்லாம் எல்லாருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

நஞ்சு குடுவைக்குள்தான் இருக்கிறது என்று நம்புவது

முறை எளியது. ஈ. கோலை என்ற பற்றீரியாவைக் கொஞ்சம் நஞ்சு கலந்த ஊடகத்தில் (அது வளரும் சத்துக் கரைசலில்) வளர்த்து, தினமும் நூறில் ஒரு பங்கைப் புது ஊடகத்துக்கு மாற்ற வேண்டும். ஒரு மாற்றலுக்குச் சுமார் 6.6 தலைமுறை. தாங்கும் விகாரம் (மரபணு மாற்றம்) வந்த கலங்கள் மற்றவற்றை முந்தியதும் செறிவைக் கூட்டலாம்.

நான் 0.5 சதவீதத்தில் தொடங்கி மூன்று மாதத்தில் 1.5க்கு வந்துவிட்டேன். ஒவ்வொரு காலையும் குடுவை நன்றாகக் கலங்கியிருக்கும், பற்றீரியா பெருகியதன் அடையாளம் அது. வீட்டில்கூடச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். அப்புறம் இறுக மூடிய போத்தல்களில் பழக்காத ஆரம்ப இனத்தையும் பழக்கிய என் இனத்தையும் பக்கத்துப் பக்கமாக வைத்துப் பார்த்தேன். 1.5இல் இரண்டுமே வளரவில்லை.

பியூட்டனோலின் கொதிநிலை 118 பாகை, 37 பாகையில் அது எங்கே போகப்போகிறது என்று இருந்துவிட்டேன். இரவு முழுக்கக் குலுக்கியதில் அது பஞ்சு வழியே ஆவியாகிப் போயிருக்கிறது. பற்றீரியா சாகாமல் காத்திருந்து, நஞ்சு குறைந்ததும் விடியப்புறம் பெருகியிருக்கிறது. பொறுத்திருக்கத் தெரிந்த கலங்களைத்தான் மூன்று மாதமாகப் பொறுக்கி எடுத்திருக்கிறேன். இரவு பத்து மணிக்கு ஒருமுறை பார்த்திருந்தால் தெளிந்த குடுவை கண்ணில் பட்டிருக்கும். இன்றும் பஞ்சடைத்த குடுவையைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

பற்றீரியா இடாத குடுவை ஒன்றை அதே நஞ்சோடு ஒரு நாள் குலுக்குங்கள். மறுநாள் அதிலும், புதிதாகக் கலந்த ஊடகத்திலும் ஆரம்ப இனத்தை இட்டு, இரண்டையும் இறுக மூடி வளருங்கள். பழையதில் மட்டும் வளர்ந்தால் நஞ்சு போய்விட்டது. இதற்கு விலை கூடிய கருவி எதுவும் வேண்டாம். டெஃப்லோன் உள்ளுறை வைத்த திருகுமூடி வாங்குங்கள், வெறும் இறப்பர் கரைப்பானை உறிஞ்சிவிடும். போத்தலில் பத்தில் ஒரு பங்குக்கு மட்டும் ஊடகம் ஊற்றினால் சுவாசிக்க ஒட்சிசன் இருக்கும். தொலுயீன் போன்ற எளிதில் ஆவியாகும் கரைப்பான் என்றால் மேலே உள்ள காற்றுக்கே நிறையப் போய்விடும், அதையும் கணக்கில் எடுங்கள். நெல் அவிக்கும் ஆலைக் கழிவுநீரில் வரும் பீனோல் போன்றவற்றில் இந்தத் தொல்லை குறைவு.

உறையவைக்காமல் ஓடுவது

வாரம் ஒருமுறை வளர்ப்பில் கொஞ்சத்தைக் கிளிசரோல் கலந்து உறையவையுங்கள், வளர்ப்பு கெட்டால் அதிலிருந்து திரும்பத் தொடங்கலாம். மின்வெட்டு கேட்டுக்கொண்டு வராது.

ஒற்றைக் குடுவை

ஈ. கோலையின் பரிணாமத்தை ஆய்வுகூடத்தில் நீண்டகாலம் பின்தொடர்ந்த ரிச்சர்ட் லென்ஸ்கி 1988இல் தனித்தனியான 12 குடித்தொகைகளோடு தொடங்கினார். நீங்கள் குறைந்தது மூன்று குடுவைகள் வையுங்கள்.

பழக்கத்தை விகாரம் என்று எண்ணுவது

நஞ்சுக்குள் வளரும் கலம் தன் மென்சவ்வின் கொழுப்பமிலங்களை மாற்றியும், நஞ்சை வெளியே தள்ளும் பம்புகளைக் கூட்டியும் தற்காலிகமாகச் சமாளிக்கும். நஞ்சில்லாத ஊடகத்தில் இரண்டு மூன்று நாள் மாற்றி மாற்றி வளர்த்துவிட்டுத் திரும்பச் சோதியுங்கள். அப்போதும் தாங்கினால்தான் அது பரம்பரையில் பதிந்திருக்கும்.

அந்த மாணவி இப்போது திருகுமூடிப் போத்தல்களோடு 0.6 சதவீதத்தில் நிற்கிறார். "ஏன் அக்கா இவ்வளவு மெதுவாப் போகுது?" என்று கேட்டார். நேற்று இரவு பத்து மணிக்கு இரண்டு பேருமாகப் போய்ப் பார்த்தோம். மூன்று போத்தல்களும் கலங்கியிருந்தன.