கடை பிடித்துவிட்டீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் வக்கீலைப் பாருங்கள்

மதுரையில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தின் எதிர்வரிசையில் ஆவண எழுத்தராக இருக்கிறேன். கடையை வாடகைக்கு எடுப்பவர்கள் என்னிடம் வரும்போதே டோக்கன் பணம் கைமாறியிருக்கும், திறப்பு விழாவுக்கு நாள் குறித்திருப்பார்கள். "பழைய மாடலிலேயே பெயரை மட்டும் மாற்றிக் கொடுங்கள் அண்ணே" என்பார்கள். மாற்றிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஆனாலும் சொல்கிறேன், முதலில் வக்கீலிடம் போங்கள். நீங்கள் சொல்வதை நான் எழுதுவேன். நீங்கள் சொல்லாமல் விட்டதைத் தோண்டிக் கேட்பது அவர் வேலை.

சொத்து வழக்குகள் பார்க்கும் சிவில் வக்கீலாக இருக்கட்டும். "என் வக்கீலே இருவருக்கும் பார்த்துக்கொள்வார்" என்று கட்டட உரிமையாளர் சொன்னால் ஒரு கும்பிடு போட்டு நகர்ந்துவிடுங்கள். பீஸ் எவ்வளவு, அதில் ஒப்பந்தத்தைத் திருத்தித் தருவதும் சேருமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளலாம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வெறுங்கையோடு போகாதீர்கள். உரிமையாளரின் பத்திர நகல், சொத்து வரி ரசீது, கடைசி மின் கட்டண ரசீது, கட்டட அனுமதி, வில்லங்கச் சான்று ஆகியவை வேண்டும். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். அதில் அசல் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்கிய பதிவு இருந்தால், வங்கியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் தேவையா என்று வக்கீலிடம் கேளுங்கள். கடன் கட்டாமல் வங்கி கட்டடத்தைக் கையில் எடுத்தால் முதலில் வெளியே நிற்பது உங்கள் சாமான்கள்தான். சொத்து அப்பா பெயரில் இருந்து, அவர் காலமாகி, கையெழுத்துப் போட மூத்த மகன் மட்டும் வருகிறார் என்றால் மற்ற வாரிசுகள் எங்கே?

ஒரு பேக்கரியை எடுத்துக்கொள்வோம். அடுப்பு மேடை கட்டி, டைல்ஸ் ஒட்டி, மும்முனை மின் இணைப்பு வாங்கிப் பல லட்சம் இறக்குகிறார். கையில் இருப்பதோ 11 மாத ஒப்பந்தம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்தாக வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்துதான் ஊரெங்கும் இந்த 11 மாதம். பன்னிரண்டாம் மாதம் வாடகையை ஏற்றிக் கேட்டால் அடுப்பைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்? இத்தனை முதல் போடுபவர் ஐந்து ஆண்டுக்கு எழுதிப் பதிவு செய்துகொள்வதுதான் புத்தி. ஆண்டுக்கு எத்தனை சதவீத உயர்வு, இடையில் காலி செய்ய யார் எத்தனை மாத நோட்டீஸ் தர வேண்டும், போகும்போது எதைக் கழற்றிக்கொள்ளலாம் என்பதெல்லாம் அதிலேயே இருக்கட்டும். வீட்டு மின் இணைப்பில் கடை நடத்தினால் அபராதம் வரும் என்பதையும் வக்கீல் மின் ரசீதைப் பார்த்ததுமே சொல்லிவிடுவார்.

அட்வான்ஸ் விஷயத்துக்குத் தனியாக நேரம் கொடுங்கள். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் அதுதான் செல்லும். அந்தச் சந்தில்தான் பத்து மாத அட்வான்ஸ் நுழைகிறது. பழைய மாடலில் "சேதாரம் கழித்து மீதி தரப்படும்" என்று ஒரு வரி இருக்கும். எது சேதாரம்? சுவரில் ஆணி அடித்ததா, ஷட்டர் துருப்பிடித்ததா? யார் மதிப்பிடுவது, எத்தனை நாளில் திருப்பித் தருவது? வக்கீலை வைத்து அந்த ஒரு வரியை நான்கு வரியாக்குங்கள்.

வாடகைக்கு மேல் ஜிஎஸ்டி உண்டா, அதைக் கட்டுவது யார் என்பதையும் கேட்டுவிடுங்கள். நகர்ப்புறக் கடை என்றால் ஒப்பந்தத்தை, அந்த வாடகைச் சட்டத்தின்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடமும் பதிவு செய்ய வேண்டும்.

வக்கீலுக்குக் கொடுக்க வசதியில்லை என்பவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பே கிடையாது. திருத்திய வரைவில் வக்கீல் பக்கத்துக்குப் பக்கம் சுருக்கொப்பம் இட்டுத் தரட்டும். அதைக் கொண்டுவந்தால் ஒரு புள்ளி மாறாமல் முத்திரைத்தாளில் ஏற்றித் தருகிறேன்.