“ஏதோ சமாளிக்கிறேன்” என்றால் புள்ளி கிடைக்காது: பிரித்தானியாவில் பிப் மதிப்பீடு

முதலில் உங்கள் விசாவை எடுத்துப் பாருங்கள். அரச நிதி உதவி பெற முடியாது என்ற நிபந்தனை அதில் இருந்தால், எவ்வளவு கடுமையான நோயாக இருந்தாலும் ‘பிப்’ என்று இங்கே எல்லோரும் சொல்லும் இயலாமைக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்க வேண்டாம். மாணவர், வேலை, துணைவர் விசாக்களில் பெரும்பாலும் இந்த நிபந்தனை இருக்கும். தெரியாமல் விண்ணப்பித்தாலும் விசா நீட்டிக்கும்போது அது தலையிடியாக வந்து நிற்கும். அகதி அந்தஸ்து கிடைத்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. கடந்த 156 கிழமைகளில் 104 கிழமைகள் இந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும் என்ற பொது விதியும் அவர்களைக் கட்டுப்படுத்தாது.

பிப் 2013இல் வந்தது. 16 வயதிலிருந்து அரச ஓய்வூதிய வயது வரை உள்ளவர்களுக்கானது. வேலை செய்கிறீர்களா, வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்க மாட்டார்கள். நாளாந்த வாழ்க்கை, நடமாட்டம் என்று இரண்டு பகுதிகள், மொத்தம் 12 செயல்கள், ஒவ்வொன்றுக்கும் புள்ளி. ஒரு பகுதியில் 8 புள்ளி எடுத்தால் சாதாரண விகிதம், 12 எடுத்தால் கூடிய விகிதம். 2025-26இல் நாளாந்த வாழ்க்கைக்குக் கிழமைக்கு 73.90 அல்லது 110.40 பவுண், நடமாட்டத்துக்கு 29.20 அல்லது 77.05 பவுண். ஒரு பகுதியில் 7 புள்ளி எடுத்தவருக்கு அந்தப் பகுதிக்கு ஒரு சதமும் இல்லை. அந்த ஒரு புள்ளி பல நேரங்களில் நாம் வாயால் தொலைப்பது.

எங்கள் தெருவில் இருக்கும் மாமி ஒருவருக்கு நான் மொழிபெயர்க்கப் போயிருந்தேன். ஐம்பத்தெட்டு வயது, முழங்கால் தேய்மானம், சர்க்கரை, விரல்களில் விறைப்பு. தொலைபேசி வழி மதிப்பீடு. “சமைப்பீர்களா?” என்று கேட்டார்கள். “ஓம், சமைப்பேன்” என்றார் மாமி, சற்றுப் பெருமையாக. நானும் அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அந்தக் குசினி எனக்குத் தெரியும். மருமகள் காலையிலேயே காய்கறி வெட்டி வைத்துவிட்டு வேலைக்குப் போவார். மாமி அடுப்பருகே கதிரை போட்டு உட்கார்ந்து கிளறுவார். சோற்றுப் பானையை இறக்க மகன் பள்ளிக்கூடத்தால் வர வேண்டும். ஒருமுறை கொதிநீர் கையில் கொட்டிய தழும்பு இன்னும் இருக்கிறது. இதில் ஒன்றுகூட அறிக்கையில் ஏறவில்லை. ‘சமையலில் சிரமம் இல்லை, 0 புள்ளி’ என்று வந்தது. மாமி பொய் சொல்லவில்லை. நம் வீடுகளில் அடுத்தவர் செய்துகொடுப்பதை உதவி என்று யாரும் எண்ணுவதில்லை, அவ்வளவுதான்.

சட்டமோ அதைத்தான் எண்ணச் சொல்கிறது. ஒரு செயலை நீங்கள் செய்ய முடியும் என்று எழுத வேண்டுமானால் நான்கு சோதனைகளில் தேற வேண்டும்: ஆபத்தில்லாமல், ஓரளவு ஒழுங்காக, தேவைப்படும் தடவையெல்லாம் திரும்பத் திரும்ப, சுகதேகி ஒருவருக்கு எடுக்கும் நேரத்தின் இரண்டு மடங்கைத் தாண்டாமல். ஒன்றில் தவறினாலும் ‘முடியாது’ என்றே கணக்கு. அந்தச் சிரமம் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் இருக்க வேண்டும். நல்ல நாளை மட்டும் வைத்துப் பேசாதீர்கள். “கடைக்கு நடந்து போவேன்” என்பதைவிட, “தபால் பெட்டி வரை போனதும் மதிலைப் பிடித்து நிற்பேன், திரும்பி வந்தால் அன்று வேறொன்றும் ஓடாது” என்பதுதான் உண்மைக்குக் கிட்ட இருக்கும். 20 மீற்றர், 50 மீற்றர், 200 மீற்றர் என்று அளவு பார்த்தே நடப்பதற்குப் புள்ளி போடுகிறார்கள். உங்கள் வாசலிலிருந்து அந்தத் தூரங்கள் எதுவரை என்று முன்கூட்டியே அளந்துவையுங்கள்.

பலர் குழம்பும் இடம் ஒன்று: ஆங்கிலம் தெரியாதது இயலாமை ஆகாது. பேசுவது, வாசிப்பது பற்றிய கேள்விகள் தாய்மொழியில் உங்களால் முடிகிறதா என்பதைப் பற்றியவை. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்பே கேட்கலாம். துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம். உரையாடலை ஒலிப்பதிவு செய்யவும் கேட்கலாம். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். குளியலறையில் என்ன நடக்கிறது என்பதை மகன் முன்னால் எந்தத் தாயும் முழுதாகச் சொல்ல மாட்டார்.

பிப் படிவத்தைத் திருப்பி அனுப்ப ஒரு மாதம் தருவார்கள். வைத்தியரின் கடிதத்தில் நோயின் பெயர் மட்டும் இருந்தால் அதிகம் உதவாது. அந்த நோயால் எது முடியவில்லை என்று இருக்க வேண்டும். குளிசைப் பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள். நகல் எடுத்துவைக்க மறக்க வேண்டாம்.

குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான அரச உதவியான யூனிவர்சல் கிரெடிட் எடுப்பவர்களுக்கு வேலைத்திறன் மதிப்பீடு என்று இன்னொன்று உண்டு. அதன் படிவமும் கேள்விகளும் வேறு. ஒன்றில் தேறியவர் மற்றதில் தவறுவது சாதாரணம். அதில் கிடைக்கும் கூடுதல் தொகை 2026 ஏப்ரலிலிருந்து புதிதாக விண்ணப்பிக்கும் பெரும்பாலானோருக்கு ஏறத்தாழப் பாதியாகிறது.

மறுத்துக் கடிதம் வந்தால் அதிலிருக்கும் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். மதிப்பீட்டு அறிக்கையின் நகலைத் தொலைபேசியில் கேட்டாலே அனுப்புவார்கள். அதை வரி வரியாகப் படித்து, எங்கே தவறென்று எழுதுங்கள். ஏற்கெனவே ஒரு பகுதி கிடைத்திருந்தால் ஆலோசகரிடம் பேசிவிட்டுக் கேளுங்கள், ஏனெனில் முழுத் தீர்மானத்தையும் திரும்பப் பார்ப்பார்கள், குறையவும் கூடும். அதிலும் சரிவராவிட்டால் சுயாதீன தீர்ப்பாயம் இருக்கிறது, கட்டணம் இல்லை. சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பின் அலுவலகங்களிலும் சில கவுன்சில்களிலும் இலவசமாக உதவுவார்கள்.

மாமி மறுபரிசீலனை கேட்டார். இம்முறை கதிரை, பானை, தழும்பு எல்லாவற்றையும் எழுதினோம். நாளாந்த வாழ்க்கைக்கு 9 புள்ளி வந்தது. கடிதத்தைப் பார்த்துவிட்டு, “அப்படியானால் எனக்குச் சமைக்கத் தெரியாது என்றா எழுதியிருக்கிறார்கள்?” என்று கேட்டார்.