போரை எதிர்த்து மூன்றாவது ஆளுக்கு ஓட்டா? இப்படிச் செய்யுங்கள்

காசா போர் விஷயத்தில் இரண்டு பெரிய கூட்டணி மேலும் நம்பிக்கை இல்லை, இந்த முறை வேறு ஆளுக்குத்தான் என்று காரைக்குடிப் பக்கம் சிலர் முடிவோடு இருக்கிறார்கள். நல்ல முடிவுதான். ஆனால் நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பது மட்டும்தான் மிஷினில் ஏறும், எதற்காக என்பதை நீங்களேதான் வெளியே சொல்லியாக வேண்டும்.

வெளியுறவு மத்திய அரசின் கையில் இருக்கிறது, அதனால் இந்த எதிர்ப்புக்குச் சரியான இடம் மக்களவைத் தேர்தல். சட்டமன்றம் தீர்மானம் போடலாம், 2013-ல் ஈழப் பிரச்சினைக்காகப் போட்டது, அதற்கு மேல் அதன் கையில் எதுவும் இல்லை. நமக்கு சிவகங்கைத் தொகுதி. புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயமும் ஆலங்குடியும்கூட இதில்தான் வருகின்றன.

நோட்டா வேண்டாம் என்பேன். அதற்கு எவ்வளவு விழுந்தாலும் வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவர்தான் எம்.பி., உங்கள் கோபம் போர் மேலா சாலை மேலா என்பதும் தெரியாது. வேட்பாளர்கள் தெருவுக்கு வரும்போது நிறுத்திக் கேளுங்கள்: காசா போர்நிறுத்தத்துக்கு ஐ.நா. பொதுச்சபையில் 2023 அக்டோபரில் இந்தியா ஒதுங்கிக்கொண்டது, டிசம்பரில் ஆதரித்தது, 2025 ஜூனில் மறுபடியும் ஒதுங்கியது, நீங்கள் நாடாளுமன்றத்துக்குப் போனால் இதைக் கேட்பீர்களா? நேராகப் பதில் சொல்பவருக்குப் போடுங்கள்.

ஓட்டை வீணாக்காதே என்று வீட்டில் ஆச்சி சொல்வார். அவரிடம் பர்மாவைப் பற்றிப் பேசுங்கள். அங்கே கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போன எத்தனையோ குடும்பங்கள் 1942-ல் ஜப்பான் படை வந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, காடு மலை தாண்டி நடந்தே திரும்பியவை. போர் என்றால் என்னவென்று செட்டிநாட்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனாலும் ஆச்சி சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதைத் தள்ளிவிடாதீர்கள். 2009 மே மாதம், முள்ளிவாய்க்காலில் குண்டு விழுந்துகொண்டிருந்த அதே வாரத்தில் இங்கே ஓட்டுப்பதிவு நடந்தது, சிவகங்கையில் வெற்றி வித்தியாசம் வெறும் 3,354. மூன்றாவதாக வந்தவர் வாங்கியது அதைப்போலப் பல மடங்கு. உங்களுக்குக் கொஞ்சமும் பிடிக்காதவர் இதனால் ஜெயித்தாலும் தாங்கிக்கொள்வீர்களா என்று வீட்டிலேயே யோசித்துவிடுங்கள், பூத் வரிசையில் நின்று குழம்பாதீர்கள்.

மிஷினில் அங்கீகாரம் பெற்ற கட்சிகள் மேலே இருக்கும், சிறிய கட்சிகளும் சுயேச்சைகளும் அதற்குக் கீழே, சில சமயம் இரண்டாவது மிஷினில்கூட. அதனால் வரிசை எண்ணையும் சின்னத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தியதும் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடியில் சீட்டு ஏழு விநாடி நிற்கும், பார்த்துவிட்டு நகருங்கள்.

அப்புறம்தான் முக்கிய வேலை. வழக்கமாக நீங்கள் போடும் கட்சியின் வேட்பாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், இந்தக் காரணத்துக்காகத்தான் இந்த முறை உங்களுக்குப் போடவில்லை என்று, பேரும் ஊரும் போட்டு. நாலைந்து வீடுகள் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. முடிவு வந்தபின் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி இணையதளத்தில் படிவம் 20 வரும், அதில் பூத் வாரியாக ஓட்டு இருக்கும். உங்கள் பூத் பக்கத்தை அச்செடுத்து, மூன்றாவது ஆளுக்கு விழுந்ததைக் கோடிட்டு, அந்தக் கடிதத்தோடு சேர்த்து அனுப்புங்கள்.