பெரிய ஹார்டு டிஸ்கில் பழைய எக்ஸ்பி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் பாம்பனிலிருந்து ஒரு பையன் சிபியூவைத் தூக்கிக்கொண்டு ராமநாதபுரத்துக்கு, என் கடைக்கு வந்தான். ஸ்டிக்கர் வெட்டும் கடையில் வேலை பார்க்கிறான். படகுக்கு நம்பர், ஆட்டோவுக்குப் பெயர் எல்லாம் அங்கே ஒரே மெஷினில்தான் வெட்டுகிறார்கள். மெஷின் பழையது, பேரலல் போர்ட்டில் ஓடுவது. அதன் டிரைவர் (மெஷினை ஓட்ட கம்ப்யூட்டருக்கு வேண்டிய மென்பொருள்) விண்டோஸ் எக்ஸ்பியோடு நின்றுவிட்டது. உள்ளே இருந்த 40 ஜிபி டிஸ்க் செத்துப்போனதால் 500 ஜிபி டிஸ்க் ஒன்றை மாட்டி, யாரிடமோ இரவல் வாங்கிய சிடியில் எக்ஸ்பி போட்டிருக்கிறான்.

"அண்ணே, 500ன்னு சொல்லிக் குடுத்தாங்க. 128தான் காட்டுது. பரவாயில்லை, மிச்சத்தை வேற கம்ப்யூட்டர்ல மாட்டி டி டிரைவா பிரிச்சுக்கிறேன். மெஷின் டிரைவரை மட்டும் ஏத்திக் குடுங்க."

அந்த "மிச்சத்தை வேற கம்ப்யூட்டர்ல" என்ற வார்த்தையைக் கேட்டதும் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டேன்.

எக்ஸ்பியே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. தொண்டியிலிருந்து மண்டபம் வரை எடைமேடை, ஐஸ் பிளாண்ட் கணக்கு, ஸ்டிக்கர் மெஷின் என்று எக்ஸ்பி இல்லாமல் ஓடாத இடங்கள் இன்னும் இருக்கின்றன. ப்ராடக்ட் கீயைத் தப்பாக அடிப்பது, பூட் வரிசையை மாற்ற மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை ஒரு தடவையிலேயே புரிந்துவிடும்.

128-ஐப் பார்த்த பிறகும் நிறுத்தாமல் போவது

எக்ஸ்பி வெளிவந்தது 2001 அக்டோபரில். அந்த முதல் சிடி, டிஸ்கில் எந்த செக்டர் (டிஸ்கின் சின்னத் துண்டு) என்பதை 28 பிட் எண்ணால்தான் சொல்லும். 28 பிட்டில் 26,84,35,456 செக்டர் வரைதான் எண்ண முடியும். செக்டருக்கு 512 பைட் என்று பெருக்கினால், டிஸ்க் அட்டையில் போடும் கணக்குக்கு 137 ஜிபி, விண்டோஸ் காட்டும் கணக்குக்கு 128 ஜிபி. அதைத் தாண்ட 48 பிட் முறை வேண்டும். எக்ஸ்பிக்கு அது 2002-இல் வந்த சர்வீஸ் பேக் 1 என்ற திருத்தத் தொகுப்பில்தான் கிடைத்தது.

இது தெரியாமல் நான் ஒரு குடும்பத்தின் கல்யாணப் படங்களை அழித்திருக்கிறேன். கீழக்கரையில் ஒரு ஸ்டூடியோ. 250 ஜிபி டிஸ்க். சி 40 ஜிபி, மிச்சம் முழுவதும் டி. டி நிறையக் கல்யாணங்கள். வைரஸ் ஏறியதால் சியை மட்டும் ஃபார்மேட் செய்து புதிதாக எக்ஸ்பி போடச் சொன்னார்கள். முன்பு போட்டவர் சர்வீஸ் பேக் 2 சிடியில் போட்டிருந்தார். என் பையில் இருந்தது முதல் சிடி. செட்டப் திரையில் டிஸ்கின் அளவு 1,31,000 சொச்சம் எம்பி என்று வந்தது. 2,38,000 சொச்சம் வர வேண்டிய இடம் அது. பார்த்தேன், ஆனால் நிற்கவில்லை. எக்ஸ்பி ஏறியது, டி திறந்தது, ஃபோல்டர் பெயரெல்லாம் அப்படியே இருந்தது. காசு வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

நாலாம் நாள் போன் வந்தது. போய்ப் பார்த்தால், படத்தைத் திறந்ததும் மேல்பாதியில் மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டி வரை தெரிகிறது, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அடுத்த படம் திறக்கவே இல்லை. சில ஃபோல்டர்களின் பெயர் கட்டம் கட்டமாக மாறியிருந்தது. மறுபடி ஆன் செய்தபோது செக்டிஸ்க் (டிஸ்கைச் சோதித்துத் திருத்தும் விண்டோஸ் கருவி) தானாக ஓட ஆரம்பித்தது. சரிசெய்கிறது என்று நினைத்து ஓடவிட்டேன். அது இரண்டாவது தவறு. மிச்சமிருந்த ஃபோல்டர்களையும் அது கலைத்துப் போட்டது.

கடைக்காரர் என்னைத் திட்டவில்லை. "தம்பி, மாப்பிள்ளை லீவு முடிஞ்சு துபாய் போயிட்டாரு. அவரு வாப்பா வந்து ஆல்பம் கேட்டா நான் என்ன சொல்றது?" என்று மட்டும் கேட்டார். "காக்கா..." என்று தொடங்கினேன், அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. இன்றைக்கும் அந்தத் தெரு வழியாகப் போகும்போது அந்தக் கேள்வி காதில் விழுகிறது.

நடந்தது இதுதான். வண்டியின் ஐந்து இலக்க கிலோமீட்டர் மீட்டர் 99,999-க்கு அப்புறம் பூஜ்யத்துக்கு வந்துவிடும் அல்லவா, அதேபோல 128 ஜிபியைத் தாண்டிய எண்ணின் தலை வெட்டுப்பட்டு, அங்கே எழுத வேண்டியது டிஸ்கின் ஆரம்பத்தில் போய் விழுகிறது. டியின் வால்பகுதியில் புதுக் கல்யாணத்தைக் காப்பி செய்தால், அது சியின் மேலும் டியின் தலைப்பகுதியில் இருக்கும் பழைய கல்யாணத்தின் மேலும் எழுதப்படுகிறது. டிஸ்க் நிறையாதவரை எல்லாம் ஒழுங்காக ஓடுவதுபோலவே இருக்கும். போட்டுக்கொடுத்தவர் வீட்டுக்குப் போன பிறகுதான் குட்டு உடையும்.

செய்ய வேண்டியது: சிடியை முதலில் வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். வெளி ஃபோல்டரிலேயே வின்51 என்று தொடங்கி, எஸ்பி1, எஸ்பி2 அல்லது எஸ்பி3 என்று முடியும் சின்னக் கோப்பு இருந்தால் நல்லது. அப்படி எதுவும் இல்லையென்றால் அது முதல் சிடி. சர்வீஸ் பேக் 3-ஐ அதோடு சேர்த்துப் புது சிடி எழுதிக்கொள்ளுங்கள். என்லைட் என்ற மென்பொருள் இதற்குப் போதும். பழைய சிடியைத் தவிர வழியே இல்லை, டிஸ்கும் புதிது என்றால், 40 ஜிபிக்கு ஒரே பார்டிஷன் (டிஸ்கின் ஒரு பிரிவு) போட்டு எக்ஸ்பியை ஏற்றுங்கள். அப்புறம் சர்வீஸ் பேக், அதற்கும் அப்புறம்தான் மிச்ச இடம். இந்த வரிசை மாறக் கூடாது. மதர்போர்டு ரொம்பப் பழையது என்றால் பயாஸும் (விண்டோஸுக்கு முன்பே மதர்போர்டில் ஓடும் நிரல்) 48 பிட்டுக்குத் தயாரா என்று பாருங்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 250-க்கு 232-உம், 500-க்கு 465-உம் வர வேண்டும்.

ஏற்கெனவே பிசகியிருந்தால் உடனே கரன்ட்டை நிறுத்துங்கள். செக்டிஸ்க் வேண்டாம். டிஸ்கைக் கழற்றி, புது விண்டோஸ் உள்ள கம்ப்யூட்டரில் மாட்டி, முதலில் காப்பி எடுங்கள். 128-க்கு அப்பால் முன்பே இருந்தவை பெரும்பாலும் பத்திரமாக இருக்கும், ஏனென்றால் பழைய எக்ஸ்பியால் அங்கே எழுதவே முடிந்திருக்காது. அன்றைக்கு எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை.

இன்னொன்று. விண்டோஸ் 2000-க்கு சர்வீஸ் பேக் 3 போட்டால் மட்டும் போதாது, ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் பட்டியல்) எனேபிள்பிக்எல்பிஏ என்பதை 1 ஆக்க வேண்டும். விண்டோஸ் 98-க்கும் இதே 137 ஜிபி சுவர்தான்.

7பி நீலத் திரை

எக்ஸ்பி செட்டப்பின்போது 7பி என்ற எண்ணோடு நீலத் திரை வந்தால், பெரும்பாலும் டிஸ்க் கெட்டிருக்காது. பயாஸில் சாட்டாவை, அதாவது டிஸ்க் மாட்டும் இணைப்பை, ஏஹெச்சிஐ என்ற புது முறையிலிருந்து ஐடிஇ என்ற பழைய முறைக்கு மாற்றுங்கள்.

4 டிபி டிஸ்க் வாங்கி வருவது

விலை கொஞ்சம்தானே கூட என்று வாங்கி வந்துவிடுகிறார்கள். டிஸ்கின் பிரிவுகளைக் குறித்துவைக்கும் பழைய எம்பிஆர் முறை 32 பிட்டில் எண்ணுவது, 2.2 டிபியோடு அதன் கணக்கு முடிந்துவிடும். மேலே போக ஜிபிடி என்ற புது முறை வேண்டும். 32 பிட் எக்ஸ்பிக்கு ஜிபிடி டிஸ்கைப் படிக்கவே தெரியாது. எக்ஸ்பிக்கு 500 ஜிபியே தாராளம்.

63-ஆம் செக்டர்

2011-க்குப் பிறகு வந்த டிஸ்குகளில் பெரும்பாலானவை உள்ளுக்குள் 4,096 பைட் செக்டர் வைத்திருப்பவை. வெளியே 512 என்று சொல்லிக்கொள்ளும். எக்ஸ்பி தன் முதல் பார்டிஷனை 63-ஆம் செக்டரில் தொடங்கும். ஒரு பெரிய செக்டருக்குள் எட்டு சின்ன செக்டர், 63 எட்டால் வகுபடாது. அதனால் எழுதும் ஒவ்வொரு தடவையும் அது இரண்டு பெரிய செக்டர்களில் கால் வைக்கிறது. டிஸ்க் இரண்டையும் படித்துத் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது. "புது டிஸ்க், ஆனா ஆமை மாதிரி ஓடுது" என்று வந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். விண்டோஸ் 7 கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்டிஷன் போட்டால் 2,048-இல் தொடங்கும். எக்ஸ்பி செட்டப்பில் அந்தப் பார்டிஷனை அழிக்காமல் அதன் மேலேயே போடுங்கள்.

ஃபேட்32

ஃபார்மேட் செய்யும்போது இந்த முறை வேண்டாம். இதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. என்டிஎஃப்எஸ் முறையைத் தேர்ந்தெடுங்கள்.

உப்புக் காற்றை மறப்பது

பாம்பன், மண்டபம், ஏர்வாடிப் பக்கம் எக்ஸ்பி செட்டப் "கோப்பைக் காப்பி செய்ய முடியவில்லை" என்று பாதியில் நின்றால், உடனே டிஸ்கைக் குறை சொல்லாதீர்கள். ராம் என்ற மெமரி அட்டையைக் கழற்றி அதன் மஞ்சள் பல்வரிசையைப் பாருங்கள். மங்கிப் புள்ளி புள்ளியாகக் கறுத்திருக்கும். பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மாட்டினால் பல தடவை சரியாகிவிடும். சாட்டா கேபிளையும் மாற்றிப் பாருங்கள். கடலோரத்தில் இந்த இரண்டையும் பார்க்காமல் நான் எந்த டிஸ்கையும் குப்பையில் போடுவதில்லை.

நெட் வயரைச் செருகுவது

செருகாதீர்கள். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதி முடிந்துவிட்டது. டிசைனைப் பென் டிரைவில் கொண்டுபோய், அந்தப் பென் டிரைவையும் முதலில் வேறு கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்யுங்கள். பாம்பன் பையனுக்கு சர்வீஸ் பேக் 3 சேர்த்த சிடியையும் புதிதாக ஒரு பென் டிரைவையும் கொடுத்து, இதைச் சொல்லித்தான் பஸ் ஏற்றிவிட்டேன்.