இம்யூனோதெரபி எடுப்பவர் வீட்டில் நடக்கும் தவறுகள்

இம்யூனோதெரபி என்பது நம் எதிர்ப்புச் சக்தியைக் கொண்டே புற்றுநோயைத் தாக்கும் சிகிச்சை. அதற்கான பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற மருந்துகளை டிரிப்பில் ஏற்றத் தொடங்கியதும் "இது புது மாதிரி கீமோ" என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. கீமோ புற்றணுவை நேரடியாகக் கொல்லும். இந்த மருந்துகள் அப்படிச் செய்வதில்லை. எதிர்ப்புச் சக்தியின் படைவீரர்களான நம் டி செல்கள் சொந்த உடலையே தாக்கிவிடாதபடி சிடிஎல்ஏ-4, பிடி-1 என்ற பிரேக்குகள் அவற்றில் இருக்கின்றன. பல புற்றணுக்கள் பிடி-1 பிரேக்கை அழுத்தித்தான் தப்பிக்கின்றன. மருந்து அந்த அழுத்தத்தை விடுவிக்கிறது. இந்த வழியைத் திறந்த ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுக்கு ஹோஞ்சோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது.

பிரேக் விட்டுப்போனால் என்ன ஆகும்? சிடிஎல்ஏ-4 மரபணு இல்லாமல் பிறந்த எலிகள் சில வாரங்களிலேயே செத்தன. அவற்றின் டி செல்களே உள்ளுறுப்புகளைத் தாக்கி அழித்தன. ஆகவே "எதிர்ப்புச் சக்தி கூடட்டும்" என்று டாக்டருக்குத் தெரியாமல் கஷாயமும் டானிக்கும் கொடுக்காதீர்கள்.

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது வயிற்றுப்போக்கு. வழக்கத்தைவிட நாலைந்து தடவை கூடுதலாகப் போனதும் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டு அடக்குகிறோம். இங்கே அது டி செல்கள் பெருங்குடலைத் தாக்குவதாக இருக்கலாம். அசட்டையாக விட்டால் குடலில் ஓட்டை விழும் அளவுக்குப் போகக்கூடும். சிகிச்சை தரும் டாக்டரை அன்றே கூப்பிடுங்கள். வறட்டு இருமலோடு மூச்சு வாங்கினாலும், நெஞ்சு வலித்தாலும், கண் இமை தொங்கினாலும், அடங்காத தாகமும் அடிக்கடி சிறுநீரும் வந்தாலும் இதேதான்.

அப்போது எதிர்ப்புச் சக்தியின் தாக்குதலை அடக்க டாக்டர் ஸ்டீராய்டு எழுதுவார். "புற்றுநோய் மருந்தின் வேலை கெட்டுவிடும்" என்று பயந்து மறுக்காதீர்கள். குடலோ நுரையீரலோ வெந்துகொண்டிருக்கும்போது அதை அணைப்பதுதான் முதல் வேலை. சற்றுத் தேறியதும் நீங்களாக நிறுத்தவும் கூடாது. பல வாரங்களில் படிப்படியாகத்தான் குறைப்பார்கள்.

எதிர்ப்புச் சக்தி சொந்த மூட்டையோ தோலையோ தாக்குவதால் வரும் முடக்குவாதமோ சொரியாசிஸோ முன்பே இருப்பதைச் சொன்னால் மருந்து தரமாட்டார்களோ என்று மறைப்பவர்கள் உண்டு. அந்த நோய்கள் இருந்தும் கவனமாகக் கொடுக்கிறார்கள்; மறைத்தால்தான் ஆபத்து. முடக்குவாதத்துக்கு அமெரிக்காவில் 2005இல் அனுமதி பெற்ற அபடாசெப்ட் என்ற மருந்து, சிடிஎல்ஏ-4இன் ஒரு பகுதியைக் கொண்டே செய்தது. டி செல்லின் ஆக்சிலரேட்டரை மிதிக்கவிடாமல் அது மறிக்கிறது. புற்றுநோயில் பிரேக்கை விடுவிக்கிறோம், முடக்குவாதத்தில் வண்டியை மெதுவாக்குகிறோம். ஒரே உடலில் இரண்டு நோயும் இருந்தால் எதை எவ்வளவு என்று கணக்குப் போட டாக்டருக்கு முழு விவரமும் வேண்டும்.

கடைசி டிரிப் முடிந்தால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். பக்கவிளைவு பல மாதம் கழித்தும் வரும். நள்ளிரவில் வேறு ஊர் ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்கு ஓட நேர்ந்தால், மருந்தின் பெயரையும் கடைசியாக ஏற்றிய தேதியையும் எழுதிய சீட்டை அங்கிருக்கும் டாக்டர் கையில் முதலில் கொடுங்கள்.